நர்சம்மா பதில்கள்: சராசரிக்குள்ள ஒளிஞ்சிருக்க பிள்ளைங்க

போன இதழ்ல, பிள்ள பொறந்து ஒரு வயசு முடியுறதுக்குள்ள தவறிப்போற கணக்கைப் பத்தி சும்மா நாலு வரி எழுதினேன், அவ்வளவுதான், தபாலும் வாட்ஸ்அப்பும் வந்து குமிஞ்சிட்டு. ஏசி எழுதினவங்களும் இருக்காவ, அழுது எழுதினவங்களும் இருக்காவ. எல்லாத்துக்கும் எடம் பத்தாது, கொஞ்சத்தை மட்டும் எடுத்திருக்கேன். ஊர்ப் பேர் மட்டும் போடுதேன், ஆள் பேர் வேண்டாம்.

கேள்வி: எம் மக அமெரிக்கால பால்டிமோர் பக்கத்துல இருக்கா, இப்ப அஞ்சு மாசம். அவ கூட வேலை பாக்குற ஒரு கறுப்பினப் பொண்ணுக்கு ஏழாம் மாசத்துலயே பிள்ள பொறந்து தவறிட்டாம். அங்க கறுப்பினத்தவங்க பிள்ளைங்க வெள்ளைக்காரங்க பிள்ளைங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல சாவுதுன்னு சொல்லுதா. அவ்வளவு பெரிய பணக்கார நாட்டுலயா இப்பிடி? அவங்க ஒடம்புவாகுலயே ஏதும் குறை இருக்குமோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

சார், உங்க மக சொன்னது சரிதான். 2022ல அமெரிக்கால 1000 பிள்ள உயிரோட பொறந்தா அதுல 5 புள்ளி 6 ஒரு வயசுக்குள்ள தவறியிருக்கு, இது மொத்த நாட்டுக்கும் உள்ள சராசரி. இதைப் பிரிச்சுப் பாத்தா வெள்ளைக்காரத் தாய்மாருக்கு நாலரை, கறுப்பினத் தாய்மாருக்கு 11 கிட்ட. நம்ம தமிழ்நாட்டுக் கணக்கு 2020ல 13. இந்த 11ஐயும் 13ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. உலகத்துலயே வைத்தியத்துக்கு அதிகமா காசு கொட்டுற நாட்டுல பொறக்குற பிள்ளைக்கும், நம்ம வள்ளியூர்லயும் சங்கரன்கோவில்லயும் பொறக்குற பிள்ளைக்கும் பெரிய தூரம் இல்ல பாத்தீங்களா. அந்த 5.6ங்குற ஒரே நம்பரை மட்டும் பாத்தா இது கண்ணுலயே படாது. எனக்கு சராசரின்னாலே ஒரு எரிச்சல் வரும், அதுக்கு இதுதான் காரணம்.

ஒடம்புவாகான்னு கேட்டீங்களே, அதை அவங்களே ரொம்ப வருஷமா தேடிப் பாத்துட்டாவ. 1992ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, அப்பா அம்மா ரெண்டு பேரும் காலேஜ் படிச்சு முடிச்ச வீடுகளை மட்டும் எடுத்தாவ, அதாவது ஏழ்மை, படிப்பில்லாததுன்னு சாக்கு சொல்ல முடியாத வீடுங்க. அதுலயும் கறுப்பினப் பிள்ளைங்க 1000க்கு 10.2, வெள்ளைக்காரப் பிள்ளைங்க 5.4. ஆனா சரியான எடையில பொறந்த பிள்ளைங்களை மட்டும் பிரிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் ஒரே கணக்கு. அப்பம் எல்லா வித்தியாசமும் பிள்ள முந்திப் பொறக்குறதுலயும் எடை கொறைஞ்சு பொறக்குறதுலயும்தான் கெடக்கு.

சரி, எடை கொறையுறதுதான் ரத்தத்துல வாரதான்னு 1997ல இன்னொரு ஆராய்ச்சி, இல்லினாய் மாகாணத்துல. ஆப்பிரிக்கால பொறந்து வளந்து அமெரிக்காவுக்குக் குடிவந்த கறுப்பினத் தாய்மார், அமெரிக்காலயே பொறந்த கறுப்பினத் தாய்மார், வெள்ளைக்காரத் தாய்மார்னு மூணு கூட்டமா பிரிச்சு பிள்ளைங்க எடையைப் பாத்தாவ. வெள்ளைக்காரங்க பிள்ள சராசரியா 3446 கிராம். ஆப்பிரிக்கால இருந்து வந்தவங்க பிள்ள 3333 கிராம். அமெரிக்காலயே பொறந்த கறுப்பினத் தாயோட பிள்ள 3089 கிராம். ரத்தம்தான் காரணம்னா ஆப்பிரிக்கால இருந்து நேரா வந்தவங்களுக்குத்தான எடை ரொம்பக் கொறையணும்? அங்க தலைகீழா இருக்கு. வந்தவங்க நல்லா இருக்காவ, அங்கேயே பொறந்து வளந்தவங்களுக்குத்தான் கொறையுது. அந்த ஊர்ல ஒரு கறுப்பினப் பொண்ணா சின்ன வயசுல இருந்து வாழ்ந்த வாழ்க்கைதான் வயித்துல இருக்க பிள்ள எடையில வந்து நிக்கி. ஆர்லின் ஜெரோனிமஸ்னு ஒரு அம்மா 1992ல இதுக்கு ஒரு விளக்கம் சொன்னாவ, வெயில்லயும் மழையிலயும் வருஷக்கணக்குல கெடக்க கதவு எப்பிடி நாள்பட உளுத்துப்போவுதோ அப்பிடி ஒடம்பு வயசுக்கு முந்தியே தேய்ஞ்சுபோவுதுன்னு. கடைக்குப் போனா சந்தேகமா பாக்குறது, ஆஸ்பத்திரில வலிக்குன்னா நம்பாம போறது, வாடகைக்கு வீடு குடுக்காதது, இதெல்லாம் ரத்தக்கொதிப்பா மாறி கடைசில பிள்ளைய முந்தித் தள்ளுது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பப் பேச வேண்டியதில்லன்னு நெனைக்கேன்.

இன்னொண்ணு சொல்லிட்டு முடிக்கேன் சார். 1966ல அங்க மெடிகேர்னு வயசானவங்களுக்கு அரசாங்க வைத்தியக் காப்பீடு ஆரம்பிச்சாவ. கறுப்பினத்தவங்களைத் தனி வார்டுல வைக்குற ஆஸ்பத்திரிக்கும், உள்ளயே விடாத ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பணம் கெடையாதுன்னுட்டாவ, அதுக்குச் சட்டம் 1964லயே இருந்துச்சு. கொள்கை பேசிப் பேசி திறக்காத கதவு பணம்னதும் சில மாசத்துலயே திறந்துட்டு. அதுக்கப்புறம் மிசிசிப்பி மாதிரி தெக்கு மாகாணங்கள்ல கறுப்பினப் பிள்ளைங்க நிமோனியாலயும் வயித்தோட்டத்துலயும் சாவுறது மளமளன்னு கொறைஞ்சுது. அதே பிள்ளைங்க, அதே ரத்தம். ஆஸ்பத்திரி வாசல் மட்டும்தான் மாறிச்சு.

மகளுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சுகர் டெஸ்ட்டை விட்டுடாம எடுக்கணும், நம்ம ஆளுகளுக்கு மாசமா இருக்கும்போது சுகர் வாரது ஜாஸ்தி. நல்லபடியா பெத்து எடுக்கட்டும்.

கேள்வி: எம் மருமவ ஆறு மாசம் முழுகாம இருக்கா. வெயில்ல மழையில எங்கயும் போறதில்ல, வீட்டுல உக்காந்துதான் பீடி சுத்துதா. ஆனா நர்சு வந்து ரத்தம் கம்மி, பிள்ள எடை ஏறலன்னு ஏசிட்டுப் போறா. வீட்டுக்குள்ள இருக்கவளுக்கு என்ன வந்துரப் போவுது?
– ஒரு மாமியார், ஆலங்குளம் பக்கம்

எக்கா, புகையிலைத் தூள் இருக்க சொளவை (முறத்தை) மடியில வச்சுத்தான சுத்துதா? அந்த மடிக்கு நேர் பின்னாடிதான பிள்ள இருக்கு? பீடி குடிக்கவன் புகையில இழுக்குற அதே நிக்கோட்டின்தான் தூள்லயும் இருக்கு, வெரல்ல தோல் வழியாவும் போவுது, பறக்குற தூளு மூச்சு வழியாவும் போவுது. ஒருநாளும் பீடிய வாயில வைக்காத பொம்பள, குடிக்கவ மாதிரி ஆயிருதா. பிள்ளைக்குப் போற ரத்தம் சுருங்குது, எடை ஏறாது. முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் நான் பாத்த எடை கொறைஞ்ச பிள்ளைங்கள்ல பல வீட்டுல சொளவு இருந்துச்சு.

இதை எழுதும்போதே எனக்கு ஒங்க பதில் கேக்கு, "சுத்தலன்னா வாரக் குழுப் பணம் யாரு கட்டுவா"ன்னு. ஞாயம்தான். அதனால நிறுத்துன்னு நான் ஒரே வார்த்தையில சொல்லல, நிறுத்த முடிஞ்சா ரொம்ப நல்லது, முடியலன்னா இந்த நாலு மாசத்துக்கு தூள் தொடுற வேலைய வேற ஆளு பாக்கட்டும், அவ இலை வெட்டட்டும், கட்டு கட்டட்டும். படுக்குற ரூம்ல தூளு வைக்காதிய. சுத்தின கையோட சோத்துல கைய வைக்க விடாதிய, சோப்பு போட்டுக் கழுவணும். திண்ணையில காத்தோட்டமா உக்காரச் சொல்லுங்க.

சத்து மாத்திரைய டீத்தண்ணியோட குடுக்காதிய, டீ இரும்பை உறிய விடாது. ராத்திரி சோறு தின்னு கொஞ்ச நேரம் கழிச்சு குடுங்க, கூட ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ. சுண்ணாம்புச்சத்து மாத்திரைய அதோட சேக்காம வேற வேளைக்கு. வெளிக்குப் போறது கறுப்பா போனா பயப்பட வேண்டாம், மாத்திரைதான். ரத்தத்துல ஹீமோகுளோபின் 11க்கு கீழன்னா சோகைன்னு அர்த்தம், 7க்கு கீழ போயிட்டா பெரிய ஆஸ்பத்திரிதான். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்பநல சர்வேல நம்ம தமிழ்நாட்டு மாசமா இருக்க பொம்பளைங்கள்ல 100க்கு 48 பேருக்கு சோகை. பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரில நடக்குற மாநிலத்துல பாதிப் பேரு ரத்தமில்லாம போய் படுக்காவ, இதை என்னன்னு சொல்ல.

ஆங், அந்த நர்சு ஏசினா ஏசட்டும். ஏசுற நர்சு நல்ல நர்சு. பேசாம எழுதிக்கிட்டுப் போறவளைத்தான் பாத்துக்கிடணும்.

கேள்வி: பிக்மி நம்பர், பிக்மி நம்பர்னு உயிரை வாங்குதாவ, அது எதுக்கு?
– வள்ளியூர்

மாசமானதை அரசாங்கத்துல பதிஞ்சா குடுக்குற நம்பர்தான் அது. பிள்ள பொறந்த சர்டிபிகேட்டுக்கும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய்க்கும் அது வேணும், அதுக்குத்தான் எல்லாரும் வாங்குதாவ. என் வேலைக்கு அது வேற ஒண்ணுக்கு வேணும். எத்தனை பேரு மாசமா இருக்காவ, யாருக்கு பிரஷர், யாரு நாள் நெருங்கியும் செக்கப்புக்கு வரலன்னு அந்த நம்பரை வச்சுத்தான் தேட முடியும். நாள் தள்ளிப்போன உடனே போய்ப் பதிஞ்சிருங்க, பன்னெண்டு வாரம் தாண்ட விடாதிய.

கேள்வி: எங்க ஆச்சி பதினொண்ணு பெத்து ஆறுதான் பொழைச்சுது. யாரும் கணக்கும் எடுக்கல, படிவமும் எழுதல. போற பிள்ள போகும், இருக்குற பிள்ள இருக்கும். செத்த பிள்ளைக்குப் போயி தணிக்கை பண்ணுதாவளாமே, பெத்தவ வயித்தெரிச்சல்ல எண்ணெய ஊத்துற வேலை இல்லையா இது?
– ஒரு அண்ணாச்சி, நாங்குநேரி

அண்ணாச்சி, கோவமா எழுதினாலும் ஒங்க கடுதாசிதான் என்னைய ரெண்டு நாள் தூங்க விடல.

ஒங்க ஆச்சி காலத்துல எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான். 1971ல கூட இந்தியா முழுக்க 1000க்கு 129 பிள்ள ஒரு வயசு தாண்டல. 2020ல அது 28. கேரளால 6, நமக்கு 13, மத்தியப் பிரதேசத்துல 43. விதின்னா அது ஏன் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனதும் பாதியா கொறையுது?

தணிக்கை பெத்தவ மனச நோகடிக்கும்ங்குறது உண்மை, நானே நோகடிச்சிருக்கேன். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ஊர், பேர் வேண்டாம். சப்சென்டர், அதாவது நர்சு இருக்க துணை சுகாதார நிலையம், பெரிய தெருவுல, கோயிலுக்கு நாலு வீடு தள்ளி. காலனி ஊருக்கு வெளிய, ஓடைக்கு அந்தப் பக்கம். காலனில ஒரு பிள்ள, பொறந்து பதினாறாம் நாளு, பால் குடிக்காம சோந்துபோச்சு. தாய்க்காரிக்கு காலையிலயே தெரிஞ்சிருக்கு. மாப்பிள்ள கரும்பு வெட்டப் போயிருக்கான், அவன் வரட்டும்னு மத்தியானம் வரைக்கும் இருந்திருக்கா. அப்புறம் சப்சென்டருக்கு வரணும்னா பெரிய தெரு வழியா நடந்து வரணும், கோயில்ல கொடைத் திருவிழா நடக்குது, அன்னைக்கு அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு ஒருத்தரும் வாயத் திறந்து சொல்லல, சொல்லாமலே அவளுக்குத் தெரியும். சுத்தி வயக்காட்டு வழியா ரோட்டுக்கு வந்து, பஸ்ஸுக்கு நின்னு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வச்சாச்சு. அங்க சீட்டு எழுதுற எடத்துல ஒரு மணி நேரம். டாக்டர் கை வைக்கும்போது உயிர் இல்ல.

நான் போய் படிவம் எழுதினேன். சாவுக்குக் காரணம்னு ஒரு கட்டம், அதுல "நிமோனியா"ன்னு எழுதினேன். என் மேலதிகாரி அம்மா ஒருத்தங்க, பழைய காலத்து ஆளு, படிவத்தைத் திருப்பிக் குடுத்துட்டு கேட்டாவ, "நிமோனியா வந்த எல்லாப் பிள்ளையுமா சாவுது? காலையில ஆறு மணில இருந்து ராத்திரி வரைக்கும் மணிவாரியா எழுதிட்டு வா". திரும்பப் போனேன். அந்தத் தாய்க்காரி என்னைய நாக்கைப் பிடுங்குற மாதிரி ஒண்ணு கேட்டா, "நீ கொடைக்குப் பொங்கச் சோறு வாங்கத் தெரிஞ்சவதான, இந்தப் பக்கம் என்னைக்காவது வந்தியா"ன்னு. நான் போகல அண்ணாச்சி. அந்த மாசம் காலனிப் பக்கம் நான் போகவே இல்ல, வேலைப் பளுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

முடிவெடுக்க தாமதம், போய்ச் சேர தாமதம், போன எடத்துல கவனிக்க தாமதம்னு மூணு தாமதத்தை எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் குடுப்பாவ. அந்தப் பிள்ளைக்கு மூணும் நடந்திருக்கு, நாலாவதா நானும். கட்டத்துல நிமோனியான்னு மட்டும் எழுதியிருந்தா மேல போற கணக்குல மருந்து அனுப்புங்கன்னுதான் உத்தரவு வரும். மணிவாரியா எழுதினதுனாலதான், வாரத்துல ரெண்டு நாள் தடுப்பூசியும் எடை பாக்குறதும் காலனிப் பால்வாடில நடக்கணும்னு முடிவாச்சு. அதுக்கப்புறம் அந்த ஊர்ல பிள்ளையே சாவலன்னு கதை சொல்ல மாட்டேன், செத்துச்சு. ஆனா தாய்மாரு முந்திமுந்தி வந்தாவ, ராத்திரி கதவைத் தட்டவும் ஆரம்பிச்சாவ.

முதல் கேள்வி கேட்ட சாருக்கு அமெரிக்கா கதை சொன்னேன்ல, அதைப் படிச்சுப் படிச்சு பாக்கும்போது எனக்கு அந்த ஓடைதான் ஞாபகம் வருது.

கேள்வி: நர்சு வீட்டுக்கு வந்து பிள்ளையத் தூக்கிப் பாத்துட்டு செல்லுல ஏதோ தட்டிட்டுப் போறாவ. இதுல என்ன பிரயோசனம்?
– தென்காசி

ஒரு வயசுக்குள்ள சாவுற பிள்ளைங்கள்ல முக்காவாசி மொத 28 நாளுக்குள்ளயே போயிருது, 2020 இந்தியக் கணக்குல 28க்கு 20. அதனாலதான் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்னு கணக்கு வச்சு வீட்டுக்கு ஆள் வரணும்னு இருக்கு. இது டெல்லில ஏசி ரூம்ல உக்காந்து எழுதினது இல்ல. மகாராஷ்டிரால கட்சிரோலின்னு காட்டு மாவட்டம், அங்க அபய் பங், ராணி பங்னு ஒரு டாக்டர் தம்பதி, ஊர்ப் பொம்பளைங்களுக்கே பிள்ள மூச்சை எண்ணவும், எடை பாக்கவும், கிருமி ஏறினா ஊசி போடவும் சொல்லிக் குடுத்தாவ. பச்சப்பிள்ள சாவு 100க்கு 62 பங்கு கொறைஞ்சதுன்னு 1999ல எழுதினாவ, உலகமே திரும்பிப் பாத்துது.

வாரவங்க செல்லுல மட்டும் தட்டினா விடாதிய, "எக்கா, மூச்சை எண்ணுங்க"ன்னு கேளுங்க. ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும், 60க்கு மேல போனாலோ நெஞ்சுக்கூடு உள்ள இழுத்தாலோ ஒடனே 108. பிள்ள பால் குடிக்க மாட்டேங்குது, தொட்டா சில்லுன்னு இருக்கு இல்ல கொதிக்குது, அழுற சத்தம் கொறைஞ்சுட்டு, வெட்டு (வலிப்பு) வருது, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளா இருக்கு, தொப்புள்ல சீழ், இதுல ஒண்ணு கண்டாலும் விடியட்டும்னு இருக்கக்கூடாது. தொண்டையில சிக்கினதை எடுக்கேன்னு தொக்கம் எடுக்க கூட்டிட்டுப் போவாதிய, சேனைன்னு சீனித்தண்ணிய நாக்குல தொட்டு வைக்காதிய, குளிப்பாட்டும்போது மூக்குல எண்ணெய் விடாதிய, அது நுரையீரல்லதான் போய் நிக்கும். ஆச்சிமாரு கோவப்படுவாவ, கோவப்படட்டும், அவங்க கைப்பக்குவத்துல நல்லதும் நெறைய உண்டு, வெந்நீர் ஒத்தடம், பத்தியச் சாப்பாட்டுப் பூண்டுக் குழம்பு எல்லாம் வச்சுக்கிடுங்க.

கேள்வி: என் பேரன் ஒண்ணே முக்கால் கிலோல பொறந்திருக்கான். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். தாயோட நெஞ்சுல வச்சுக் கட்டிக்கிடச் சொல்லுதாவ, பச்ச ஒடம்புக்காரி, தையல் போட்ட வயிறு. கண்ணாடிப் பெட்டி இருக்கும்போது இது எதுக்கு?
– மேலப்பாளையம்

பெட்டி சூடு மட்டும்தான் குடுக்கும், தாய் நெஞ்சு சூடும் குடுக்கும் பாலும் குடுக்கும், பிள்ள மூச்சை மறந்தா அவ அசைவுல திரும்ப எடுக்கவும் வைக்கும். கொலம்பியா நாட்டுல பொகோட்டால 1970கள் கடைசில பெட்டி பத்தாம திண்டாடும்போது ஆரம்பிச்ச வைத்தியம் இது, இல்லாதவன் கண்டுபிடிச்சது, இப்ப இருக்கவனும் செய்யுதான். 2021ல இந்தியாவும் நாலு ஆப்பிரிக்க நாடுகளும் சேந்து பண்ணின பெரிய ஆராய்ச்சில, ஒரு கிலோல இருந்து ஒண்ணே முக்கால் கிலோ சொச்சம் வரைக்கும் உள்ள பிள்ளைங்களைப் பொறந்த ஒடனே நெஞ்சுல போட்டா, 28 நாளுக்குள்ள சாவுறது நாலுல ஒரு பங்கு கொறையுதுன்னு கண்டாவ. 100க்கு 16 கிட்ட இருந்தது 12 ஆச்சு. தையல் வலிச்சா சாஞ்சு உக்காந்து மேல் நெஞ்சுல போடச் சொல்லுங்க. அவளுக்கு முடியாத நேரம் அப்பன்காரன் சட்டையக் கழத்திட்டு போட்டுக்கிடட்டும், நீங்களும் போடலாம். வெக்கப்படாதிய.

கேள்வி: பாபநாசம் மலையில காணிப் பழங்குடி மக்கள் கொஞ்சம் பேருதான் இருக்காங்க. அங்க ஒரு பிள்ள செத்தா மாவட்டக் கணக்குல ஒரு புள்ளி கூட அசையாது. அவங்களுக்கு எப்பிடித் திட்டம் போடுறது?
– கல்லூரி மாணவி, விக்கிரமசிங்கபுரம்

நல்ல கேள்வி தாயி. சின்ன எடத்துல வீதக் கணக்கு உதவாது. வருஷத்துக்கு பத்துப் பிள்ள பொறக்குற எடத்துல ஒண்ணு போனா 1000க்கு 100ன்னு வரும், அடுத்த வருஷம் ஒண்ணும் போகலன்னா பூஜ்யம்னு வரும், ரெண்டும் பொய்க் கணக்கு. அங்க ஒவ்வொரு சாவையும் தனித்தனியாத்தான் பாக்கணும், அதைவிட முக்கியம் ஒவ்வொரு பிரசவத்தையும் முன்கூட்டிப் பாக்கணும். இஞ்சிக்குழிக்கு காரையாறு அணையத் தாண்டிப் போகணும், படகு, அப்புறம் நடை. வலி வந்தப்புறம் 108ஐக் கூப்பிட்டு என்ன செய்ய? அதுக்குத்தான் மலைப் பகுதிகளுக்கு பிரசவக் காத்திருப்பு அறைன்னு ஒரு ஏற்பாடு வச்சிருக்காவ, நாள் நெருங்கினதும் கீழ வந்து ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கிக்கிடலாம். ஆனா அவ மட்டும் வந்தா போதுமா? மூத்த பிள்ளைய யாரு பாப்பா, அவ மாமியாருக்குச் சோறு யாரு போடுவா, கூட வார ஆளுக்குக் கூலி போகுதே. கட்டடம் கட்டினவங்க இதை யோசிக்காம கட்டில் காலியா கெடந்தா, அவங்க வரமாட்டேங்காங்கன்னு அந்த மக்க மேல பழி போடக்கூடாது. சப்சென்டர் ஒண்ணுக்கு சமவெளில 5000 பேரு, மலையில 3000 பேருன்னு வச்சிருக்காவ, தலை எண்ணிப் பாத்தா சரியாத்தான் தெரியும், நடக்குற தூரத்தை எண்ணினாத்தான் பத்தாதுன்னு தெரியும்.

கேள்வி: அத்தை மகனைக் கட்டினா பிள்ள ஊனமா பொறக்குமா?
– பேர் ஊர் போடாத தங்கச்சி

கண்டிப்பா அப்பிடின்னு இல்ல, ஆனா மத்தவங்களை விட வாய்ப்பு கூடத்தான். ரெண்டு வீட்டுலயும் சின்னதுலயே தவறின பிள்ளைங்க உண்டான்னு ஆச்சிகிட்ட விசாரிச்சுட்டு, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஒரு டாக்டரைப் பாத்துட்டு முடிவெடும்மா. கட்டிக்கிட்டேன்னா பிள்ளைக்கு நெனைக்குறதுக்கு முந்தியே போலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிச்சிரு.

கேள்வி: நான் வார்டு மெம்பர். இதெல்லாம் டாக்டர் வேலை, பஞ்சாயத்துல நாங்க என்ன செய்ய முடியும்?
– அம்பாசமுத்திரம் பக்கம்

தம்பி, அந்த சார் மக இருக்க பால்டிமோர் நகரத்துலயே 2009ல ஒரு வேலை ஆரம்பிச்சாவ. அந்த வருஷம் அங்க 1000க்கு 13.5 பிள்ள செத்துது, நம்மள மாதிரி. நகராட்சி சுகாதாரத் துறை எந்தத் தெருவுல அதிகமா போவுதுன்னு மேப்புல குறிச்சு, அந்தத் தெருக்கள்ல முதல்ல வீட்டுக்கு ஆள் அனுப்புனாவ. மாசமா இருக்கவங்களை சிகரெட்டை விட வச்சாவ. பிள்ளையத் தனியா, மல்லாக்க, தொட்டில்ல போடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னாவ, தூக்கத்துலயே மூச்சு முட்டிச் சாவுற பிள்ளைங்க அங்க ஜாஸ்தி. 2015ல அது 8.4க்கு வந்துட்டு, கறுப்பு வெள்ளை வித்தியாசமும் சுருங்கிச்சு. புதுசா ஒரு பெரிய ஆஸ்பத்திரியக் கட்டி இது நடக்கல.

நீங்க கிராம சபைல நர்சம்மாவைக் கூப்பிட்டு உக்கார வச்சு, போன வருஷம் எத்தனை பொறப்பு, ரெண்டரை கிலோக்குக் கீழ எத்தனை, எத்தனை தவறிச்சு, எல்லாத்தையும் தெருவாரியா கேளுங்க. வீட்டுப் பேரு கேக்காதிய, தெரு போதும். காலனி, கிறிஸ்தவத் தெரு, பீடிக்காரத் தெரு, செங்கச்சூளைல தங்கியிருக்க வெளியூர் ஆளுக, இவங்களைச் சேத்து எண்ணுதாங்களான்னு கேளுங்க, சூளைக்காரங்களை பெரும்பாலும் யாருமே எண்ணுறதில்ல, அவங்க சொந்த ஊர்லயும் இருக்க மாட்டாவ நம்ம ஊர்லயும் இருக்க மாட்டாவ. போன வருஷம் 108 எத்தனை தடவை வந்துச்சு, எந்தத் தெரு முக்குல திரும்ப முடியாம நின்னுச்சுன்னு டிரைவர்கிட்ட கேட்டா அவன் மூச்சு விடாம சொல்லுவான். அந்த முக்கை அகலப்படுத்துறது டாக்டர் வேலையா, ஒங்க வேலையா? தண்ணித் தொட்டில குளோரின், பால்வாடிக்கு எடை மெஷின், சூளைக்கு மாசம் ஒருக்கா நர்சு போக ஒரு ஆட்டோ வாடகை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கு. மொதத் தடவை நர்சம்மா தயங்குவா, அவளைக் குத்தம் சொல்லத்தான் கூப்பிடுறீங்கன்னு நெனைப்பா, அதனால முன்கூட்டியே போய் ஒரு காப்பி குடிச்சு பேசிட்டு வாங்க. தெருவாரிக் கணக்கு வந்ததும் எனக்கும் ஒரு காப்பி எழுதிப் போடுங்க, ஊர்ப் பேர் இல்லாம அடுத்த இதழ்ல போடுதேன்.